வெற்று மாதிரி

பேராதனையில் மழை விடாத ஜூலை.
ஆய்வுகூடத்தின் இரண்டாம் மாடியில்
இருபத்துநாலு போத்தல் கடல்.

கால்ஸ்பெர்க் முகட்டுத் தண்ணீர்.
பதினேழாம் நிலையம்,
இரண்டாயிரத்துத் தொளாயிரத்து அறுபது மீட்டர் ஆழம்.
கொழும்பில் இறங்கி
கடுகண்ணாவை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி
மலையேறி வந்திருக்கிறது.
தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆனால் அது அள்ளப்பட்ட இடத்துக்கு எங்கோ பக்கத்தில்
தரை பிளந்து
முந்நூற்றைம்பது பாகை நீர் பீறிடுகிறது,
கரும்புகையாக.
அந்த வாயை யாரும் பார்த்ததில்லை.
கப்பல்காரர்கள் கேபிளை இறக்கி
இருட்டை முகர்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

புகை முந்நூறு மீட்டர் எழும்.
தன் கனமும் கடலின் கனமும் ஒன்றாகிற இடத்தில்
ஏறுவதை விட்டுப் பக்கவாட்டில் நடக்கும்.
நடக்க நடக்க ஒவ்வொன்றாய்க் கைவிடும்.
இரும்பு முதலில். வாசலிலேயே துருவாகி விழும்.
மீத்தேனை வழியில் நுண்ணுயிர்கள் தின்னும்.
மாங்கனீசு கொஞ்சம் பிடிவாதம், மாதக்கணக்கில் கூட வரும்.
ஹீலியம் மூன்றுதான்
யாரோடும் சேராமல் எதிலும் படியாமல்
சமுத்திரத்தின் மறுகரை வரை போகும்.
அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.
செம்புக் குழாயில் நெரித்து அடைத்து
வேறு நாட்டுக்கு அனுப்பியாயிற்று.

எனக்கு மாங்கனீசு.

ஒவ்வொரு வரிசைக்கும் முன்
ஒரு வெற்று மாதிரி வைப்போம், ஒன்றுமே இல்லாத நீர்.
கருவி 'இல்லை' என்று சரியாகச் சொன்னால்தான்
பிறகு அது 'இருக்கிறது' என்பதை நம்பலாம்.

திங்கட்கிழமை வெற்று மாதிரி சொன்னது:
நாலு நானோமோல்.

அமிலத்தை மாற்றினேன். நாலு.
போத்தல்களை மறுபடி ஊறவைத்தேன். நாலு புள்ளி இரண்டு.
குழாயை, வடிதாளை, கையுறைப் பெட்டியைச் சந்தேகித்தேன்.
பொலித்தீன் கட்டி நாங்களே செய்த சுத்த அறையில்
தில்ருக்ஷி கூரையைச் சந்தேகித்தாள்.
ஜயவீர கருவியைத் திறந்து
அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுச்
சிங்களத்தில் ஏசினார்,
மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்.

புதன் மாலை தில்ருக்ஷி கேட்டாள்:
"இந்த ஸ்வெட்டர் யாருடையது?"

யோகனுடையது.
லிந்துலையில் இஸ்டோரின் சல்லடை அறையில்
எட்டு மணிநேரம் நிற்கிற என் தம்பி.
ஞாயிறு தலவாக்கலை ஸ்டேஷனில்
நான் நடுங்குவதைப் பார்த்து,
ரயில் நகரும்போது கழற்றி ஜன்னலுக்குள் வீசினது.
மூன்று நாளாய் வெள்ளைக் கோட்டுக்குள்
அதைத்தான் போட்டிருக்கிறேன்.

கைமடிப்பை ஒரு தாளின் மேல் தட்டினாள்.
கரும்பழுப்பாய்த் தூள்.
மணம்கூடப் போகவில்லை.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு.
புளித்த மண்ணில் மாங்கனீசை உறிஞ்சி
இலையில் சேர்த்துவைக்கும்.
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

சிரித்தோம். ஜயவீரதான் அதிகம்.
"மிஸ்ஸின் ஊரைக் கண்டுபிடிக்க
மெஷினுக்கு மூன்று நாள்" என்றார்.
நேர்முகத் தேர்வில்
விலாசத்தில் 'டிவிஷன்' என்ற சொல்லைப் பார்த்து
இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்தவர்கள் உண்டு.
அதை நான் சொல்லவில்லை.

வியாழன். ஸ்வெட்டர் பையில் முடிச்சுப் போட்டுக் கிடந்தது.
வெற்று மாதிரி: பூச்சியம் புள்ளி பூச்சியம் ஆறு.
பதினேழாம் நிலையம்: இருபத்தொன்பது.

இருக்கிறது.
வடமேற்காக இருக்கலாம், நாற்பது கிலோமீட்டருக்குள்,
நீரோட்டம் அன்று எப்படி ஓடியதென்று தெரிந்தால்.

பதிவேட்டில் 'மாசின் மூலம்' என்றொரு கட்டம் உண்டு.
எழுதினேன்: தேயிலைத் தூள், லிந்துலை, சல்லடை அறை,
பகல் வேலைநேரம்.
கடலடி வாய்க்கு இவ்வளவு துல்லியமாய்
ஒரு முகவரி இன்னும் நம்மிடம் இல்லை.

இரவு யோகனைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன்,
எரிமலை, புகை, நாலு நானோமோல், அவனுடைய கைமடிப்பு.
கொஞ்சநேரம் மழைச் சத்தம்தான் கேட்டது.
பிறகு சொன்னான்:
"அக்கா, சுடுதண்ணியில கழுவிப் போட்டுறாத.
சுருங்கிரும்."